நெஞ்சில் அடிபட்டதுண்டா?

ராஜபாளையம்
12.1.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மச்சினன் மாரீஸ்வரன் எழுதுவது. நீங்கள், அக்கா, பாப்பா எல்லோரும் சுகம்தானே? எனக்கு இங்கே சோற்றுக்கும் ஓட்டத்துக்கும் குறைவில்லை. செல்போன் காலத்தில் இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று சிரிப்பீர்கள். போலீஸ் பயிற்சி முகாமில் சேர்ந்த அன்றே போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். ஞாயிறு மாலை பத்து நிமிடம் தருவார்கள். அப்போதும் அடுத்தவன் தோளை இடித்துக்கொண்டு நிற்பான். நம் விஷயம் அப்படி நின்று பேசுகிற விஷயமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற அத்தானை ராஜபாளையத்துக்கு வர வேண்டாம் என்று அக்காவிடம் நான்தான் சொன்னேன். தப்பாக நினைக்காதீர்கள். வாசலில் பெயர், ஊர், உறவு எல்லாம் நோட்டில் எழுதி வாங்குகிறார்கள். சாவு கேஸில் மாட்டிய டிரைவர் எனக்கு அத்தான் என்று அதில் ஏறினால் யாராவது ஒருவன் நூல் பிடித்துப் போவான்.

காக்கி கொடுத்துவிட்டார்கள். முதல் நாள் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது உங்களைத்தான் நினைத்தேன். அன்றைக்கு மம்சாபுரம் ரோட்டில் பால் வண்டியை ஓட்டியது நான். ‘நான்தான் ஓட்டினேன்’ என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது நீங்கள். ஒரு கேஸ் என் பெயரில் ஏறியிருந்தால் இந்த உடுப்பு எனக்கு இந்த ஜென்மத்தில் கிடையாது. செத்துப்போன அப்பாவின் ஹெட் கான்ஸ்டபிள் படத்துக்குப் பக்கத்தில் என் படத்தை மாட்ட அம்மா இப்போதே ஆணி அடித்து வைத்திருக்கிறாளாம்.

நெஞ்சு வலி போய்விட்டது. அம்மா அரைத்துப் போட்ட மூலிகைப் பத்துதான் கேட்டது. சேரும்போது நெஞ்சளவு எடுத்தார்கள். மூச்சை இழுத்து விரிக்கச் சொன்னபோது உள்ளே சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன், வேண்டிய ஐந்து சென்டிமீட்டர் வந்துவிட்டது. ஓடும்போது மட்டும் முன்னைப் போல மூச்சு வரவில்லை. போகப் போகச் சரியாகிவிடும்.

படித்ததும் கிழித்துவிடுங்கள்.

என்றும் உங்கள் நன்றி மறவாத
மாரீஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.1.2025

மாப்ளே மாரீசுக்கு,

கடிதம் கிடைத்தது, கிழித்து அடுப்பிலும் போட்டாயிற்று. எனக்கு இப்போது அடுப்புக்குப் பஞ்சமில்லை. லைசென்ஸ் கோர்ட்டில் படுத்துத் தூங்குகிறது அல்லவா? பால் கொண்டுபோய் இறக்கிய அதே பால்கோவாக் கடையில் விடிகாலை முதல் சட்டி முன்னால் நின்று கிண்டிக்கொண்டிருக்கிறேன். முதலாளி நல்லவர், ‘கையில வண்டிதான் இல்ல, வளைக்கிற பழக்கம் இருக்குல்லா’ என்றார். உன் அக்கா முனீஸ்வரி என் சட்டையில் வரும் இனிப்பு வாடைக்கு எறும்பு வருகிறது என்று குறை சொல்கிறாள். பாப்பாவுக்கு மட்டும் சந்தோஷம், என் கையை நக்கிப் பார்க்கிறாள்.

முதல் வாய்தா போன வாரம் நடந்தது. செத்துப்போன பூக்காரம்மா பரிபூரணத்தின் மகள் வந்திருந்தாள். செல்வலட்சுமி என்று பெயர். அழுவாள், திட்டுவாள் என்று தயாராகப் போனேன். ஒன்றுமில்லை. நேரே வந்து, “அண்ணே, எங்கம்மா ஒடனே போயிருச்சா? எதுவும் பேசுச்சா?” என்று கேட்டாள். “ஒடனே தாயி, ஒரு நொடிதான்” என்றேன். அவ்வளவுதான், போய்விட்டாள். உன்னிடம் எப்போதாவது யாராவது கேட்டாலும் அதையே சொல்.

மூச்சு வரவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதை என்ன கடைசி வரியில் சொருகியிருக்கிறாய்? ஏலே, அந்த ஸ்டீயரிங் வளைந்து போனதை நான் பார்த்தேன். இரும்பு வளைகிற இடத்தில் உன் நெஞ்சு சும்மாவா இருந்திருக்கும்? அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். உன் அம்மாதான் குறுக்கே நின்றாள். “ஆஸ்பத்திரிக்குப் போனா எப்படி அடிபட்டுச்சுன்னு அவிய எழுதுவாவ. எழுதுனா வேல போச்சு. நம்ம பத்து போட்டுக்கிடுவோம்” என்று செல்லத்தாய் அத்தை சொன்னதும் நானும் தலையாட்டினேன். ஒரு மாதம் பத்து போட்டு, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டி வைத்தோம். மாட்டுக்குக் கூட டாக்டரைக் கூப்பிடுகிற குடும்பம் நம்முடையது.

உடம்பைப் பார்த்துக்கொள். ரொம்ப ஓடாதே.

அத்தான்
சிவபாண்டி


ராஜபாளையம்
23.2.2025

அன்புள்ள அத்தானுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அம்மாவிடமும் அக்காவிடமும் காய்ச்சல் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

முதலில் பூட்ஸ் இறுகியது. சின்ன சைஸ் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் கால்தான் வீங்கியிருந்தது, விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மல்லாக்கப் படுத்தால் மூச்சு முட்டியது, இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்கினேன். ஓட்டத்தில் முதல் ஐந்து பேரில் வந்தவன் கடைசி ஐந்து பேருக்குப் போனேன். மைதானத்தில் எங்களை ஓட்டுகிற ஏட்டு, “ஏலே மம்சாபுரம், மசக்கைக்காரி மாதிரி மூச்சு வாங்குத?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஒருநாள் பாதி ஓட்டத்தில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன்.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது, அதற்குள் நீர் கோத்திருக்கிறது என்றார். பிறகு கேட்டார்: “நெஞ்சுல எப்பவாவது அடிபட்டதுண்டா?” இல்லை என்றேன். “நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. விளையாட்டுல? சண்டையில? வண்டியில?”  “இல்ல சார்” என்று விறைப்பாக நின்று சொன்னேன். பக்கத்தில் முகாமிலிருந்து வந்த ஏட்டு நின்றுகொண்டிருந்தார், அத்தான். வேறு எப்படிச் சொல்வது?

நல்லவர். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

கிழித்துவிடுங்கள்.

உங்கள்
மாரீஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
1.3.2025

மாப்ளே,

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சட்டி அடிப்பிடித்துவிட்டது. முதலாளி முறைத்தார். ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு நேரே ஒரு இதய டாக்டரிடம் போனேன். எனக்கு என்று சீட்டுப் போட்டேன். நாலு மாதம் முன்னால் ஸ்டீயரிங் நெஞ்சில் அடித்தது, இப்போது மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்று நீ எழுதியதை எல்லாம் என் நோயாகச் சொன்னேன். சட்டையைக் கழற்றச் சொன்னார். வயர் ஒட்டினார், படம் எடுத்தார். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, “உங்க இதயம் குதிரை மாதிரி இருக்கு. கால்ல வீக்கமே இல்லையே, யாருக்காகக் கேக்குறீங்க?” என்றார். 

“வேண்டியவனுக்கு” என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, சொன்னார். இப்படி அடிபட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாதாம். மேலே சிராய்ப்பு கூட ஆறிவிடுமாம். உள்ளே இதயத்தின் உறைக்குள் ரத்தம் கசிந்து, மாதக்கணக்கில் கிடந்து, உறை தடித்துப் போகுமாம். பால் வற்றும்போது சட்டி ஓரத்தில் ஏடு பிடிக்குமே, அதுபோல என்று நான் கேட்டேன், அதேதான் என்றார். அந்த ஏடு இறுகினால் இதயம் விரிய இடமிருக்காது. “அடிபட்டதைச் சொன்னாத்தான் டாக்டருக்கு வழி தெரியும். சொல்லலைன்னா வேற வியாதின்னு வைத்தியம் பார்ப்பாங்க. அதுக்குள்ள காலம் போயிடும்” என்றார்.

மாரீசு, கேட்டுக்கொள். சொல்லிவிடு. வண்டி என்று சொல்லாதே, மாடு முட்டியது என்று சொல். தென்னை மட்டை விழுந்தது என்று சொல். என்ன எழவையாவது சொல், நெஞ்சில் அடிபட்டது என்று மட்டும் சொல்லிவிடு.

அத்தான்


ராஜபாளையம்
16.3.2025

அன்புள்ள அத்தானுக்கு,

காசநோய் என்று முடிவு செய்துவிட்டார்கள். சளியில் கிருமி வரவில்லை. ஆனால் அடிபடாமல் இந்த வயதில் இப்படி நீர் கோத்தால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும் என்று மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். ஆறு மாதம். மூத்திரம் செங்காவி நிறத்தில் போகிறது, முதல் நாள் ரத்தம் என்று பயந்துவிட்டேன்.

முகாமில் நோயாளி அறையில் தனியாகப் போட்டிருக்கிறார்கள். என் தட்டில் பச்சைப் பெயின்டால் கோடு போட்டுவிட்டார்கள். பக்கத்துக் கட்டில் இசக்கிமுத்து, ஒரே சோப்பைப் பாதியாக அறுத்துத் தேய்த்துக் குளித்தவன், இப்போது ஜன்னலுக்கு வெளியே நின்று பேசுகிறான். பரவாயில்லை. காசநோய் ஆறு மாதத்தில் போகும். கேஸ் போகாது.

மாடு முட்டியது என்று சொல்லச் சொல்கிறீர்கள். முதலில் மூன்று முறை இல்லை என்றவன் இப்போது மாடு என்றால் எந்த மாடு, எந்த ஊர், யார் பார்த்தது என்று கேட்பார்கள். இங்கே இருக்கிறவர்கள் போலீஸ்காரர்கள், அத்தான். கேட்பதுதான் அவர்களுக்குத் தொழில். தேதியைச் சொன்னால் அந்தத் தேதியில் மம்சாபுரம் ரோட்டில் என்ன நடந்தது என்று ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

இதைப் பற்றி இனி எழுத வேண்டாம். அம்மாவுக்கும் தெரிய வேண்டாம்.

மாரீஸ்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.3.2025

மாரீசு,

எழுத வேண்டாம் என்றால் எழுதாமல் இருக்க நான் என்ன உன் ஏட்டுக்குக் கீழேயா வேலை பார்க்கிறேன்? எழுதுவேன். நீ சாப்பிடுகிற மாத்திரை வேறு ஒருவன் நோய்க்கு. அது உனக்குக் கேட்காது. கால் வீக்கம் வற்றியதா என்று ஒரு வரி எழுதவில்லை நீ. வற்றவில்லை என்றுதானே அர்த்தம்? வயிறும் வீங்க ஆரம்பித்திருக்கும், அந்த டாக்டர் சொன்னார்.

உன் அக்காவிடம் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “டிபி தான்னு டாக்டரே சொல்லியாச்சு. நீங்க என்ன டாக்டருக்கு மேல படிச்சவுகளா? என் தம்பி வேலையில கை வைக்காதீங்க” என்றாள். மம்சாபுரத்துக்குப் போய் அத்தையிடமும் சொன்னேன். ஆணியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “அவனுக்கு ஒண்ணும் ஆவாது. நீ வாய மூடிக்கிட்டு இருந்தாலே போதும்” என்றாள். மருமகனை நீங்க என்று கூப்பிட்ட வாய் அது.

இன்னொன்று. இதை மறைத்தால் பிறகு தப்பாகப் போகும் என்று சொல்லிவிடுகிறேன். வக்கீல் ஐயா வண்டியைப் பரிசோதித்த அறிக்கையைப் படித்துவிட்டு என் நெஞ்சையே பார்த்தார். “ஸ்டீயரிங் இம்புட்டு வளைஞ்சிருக்கு. ஒம்ம உடம்புல ஒரு கீறல் இல்லன்னு அன்னிக்கே ஆஸ்பத்திரியில எழுதியிருக்கு. ஓட்டுனது நீருதானா?” என்றார். ஆமாம் என்றேன். “இல்லன்னா விடுதல வாங்கிருவேன்” என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

செல்வலட்சுமி இந்த வாய்தாவுக்கும் வந்தாள். அதே கேள்வி. அதே பதில்.

சிவபாண்டி


ராஜபாளையம்
30.3.2025

அத்தானுக்கு,

இப்போது புரிகிறது. என் நெஞ்சைப் பற்றி உங்களுக்கு எதற்கு இவ்வளவு அக்கறை என்று நான் யோசித்ததே இல்லை. வெகுளியாக இருந்திருக்கிறேன். நான் ‘ஸ்டீயரிங் அடித்தது’ என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அது காகிதத்தில் ஏறும். உங்கள் வக்கீல் அதை எடுத்துக்கொண்டு போய் நீதிபதி முன்னால் நீட்டுவார். நீங்கள் விடுதலை, லைசென்ஸ் கையில், மறுநாள் வண்டி. நான் உள்ளே. இதற்காகத்தான் டாக்டரிடம் போய் என் நோயைப் படித்துவிட்டு வந்தீர்களா?

சாவியைக் கொடுத்தது யார்? “கம்மாய் வளைவு வரைக்கும் ஓட்டுலே, நாளைக்குப் போலீஸ் ஜீப் ஓட்டணும்ல” என்று சொன்னது யார்? லைசென்ஸ் இல்லாதவன் கையில் வண்டியைக் கொடுத்த ஆளுக்கும் தண்டனை உண்டு, நாங்கள் வகுப்பில் படித்திருக்கிறோம். நீங்கள் எனக்காக ஒன்றும் தியாகம் செய்துவிடவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். நீங்கள் பால் வண்டி ஓட்டினாலும் பால்கோவா கிண்டினாலும் இரண்டும் ஒன்றுதான். ஒரு வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் அதே சட்டி இருக்கும். எனக்கு அப்படி இல்லை. எங்கள் வீட்டில் ஒரு உடுப்புதான் இருந்தது, அது அப்பாவோடு எரிந்தது.

இப்படிக்கு
மாரீஸ்வரன்
பயிற்சிக் காவலர்


ஸ்ரீவில்லிபுத்தூர்
5.4.2025

மாரீஸ்வரனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உன்னை அறைய வேண்டும் என்று இருந்தது. இரண்டாம் முறை, நீ எழுத எழுத எத்தனை இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தியிருக்கிறாய் என்று மையைப் பார்த்தாலே தெரிந்தது.

சரி. உன் கணக்குப்படி உன் நெஞ்சால் எனக்கு லாபம் இருக்கும்வரை நான் சொல்வதை நீ கேட்கமாட்டாய். வரும் இருபத்து நாலாம் தேதி வாய்தா. குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். அதற்குப் பிறகு நீ டாக்டரிடம் எதைச் சொன்னாலும் எனக்கு ஒரு பைசா ஆதாயம் இல்லை. அப்போதாவது சொல்வாயா?

சிவபாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வராந்தா
24.4.2025

மாப்ளே,

வக்கீல் தந்த தாளில் முழங்காலில் வைத்து எழுதுகிறேன். கூட வந்த போலீஸ்காரர் டீ குடிக்கிறார், அதுவரை நேரம் இருக்கிறது. ஒப்புக்கொண்டேன். நீதிபதி அம்மா, “யாராவது கட்டாயப்படுத்துனாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரு வருடம். உன் அக்கா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தூண் ஓரமாக நிற்கிறாள். பாப்பா என் சட்டையை முகர்ந்துவிட்டு இன்றைக்கு இனிப்பு வாடை இல்லை என்றாள்.

இதை முனீஸ்வரியிடம் கொடுத்து அனுப்புகிறேன். கேஸ் முடிந்தது. வக்கீல் இல்லை, வாய்தா இல்லை, என்மேல் சந்தேகப்பட ஒன்றும் மிச்சமில்லை. நாளைக்கே டாக்டரிடம் போ. போனதும் ஒரு வரி எழுது.

செல்வலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒத்துக்கிட்டீகளே அண்ணே, அது போதும்” என்றாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்புடன்
அத்தான்


ராஜபாளையம்
4.5.2025

அத்தானுக்கு,

சிறைக்குத் தபாலில் போட்டால் அங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், உங்கள் கடிதமும் அப்படித்தான் வெளியே வரும். அதனால் இதை அக்கா மனு போட்டு உங்களைப் பார்க்க வரும்போது கம்பிக்கு இந்தப் பக்கம் பிடித்துக் காட்டுவாள். நீங்கள் படித்ததும் மடித்துக் கொண்டுவந்துவிடுவாள்.

உங்கள் தாள் எனக்கு அந்த வெள்ளிக்கிழமை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் சுற்றி வரும்போது நானே சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தேன், தெரியுமா உங்களுக்கு? வயிறு பானை போல ஆகிவிட்டது. உட்கார்ந்துகொண்டே தூங்குகிறேன். வேலையாவது மண்ணாவது என்ற இடத்துக்கு வந்திருந்தேன். அதற்குள் நீங்கள் நீதிபதி முன்னால் நின்று நான்தான் ஓட்டினேன் என்று சொல்லித் தண்டனையும் வாங்கிவிட்டீர்கள். இப்போது நான் வாயைத் திறந்தால் நீங்கள் கோர்ட்டில் பொய் சொன்னவர், நான் அதற்குத் துணை. முன்னால் ஒரு குற்றம் இருந்தது, இப்போது இரண்டு. வாயைத் திறக்கக்கூடாது என்று நீங்களே பூட்டிவிட்டு, சாவியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள்.

அடுத்த பேட்சில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக, உறவினர் யாரும் சிறையில் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆகவே எனக்கு இனி எழுதாதீர்கள். அக்காவையும் இதற்குப் பிறகு மனு பார்க்க அனுப்ப வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

மாரீஸ்வரன்


சிறையிலிருந்து
12.5.2025

மாப்ளே மாரீசுக்கு,

இந்தக் கடிதத்தை யார் கையிலும் கொடுத்து அனுப்பவில்லை. முறைப்படி தாள் கேட்டு வாங்கி, முறைப்படி எழுதி, பிரித்தபடியே அதிகாரியின் மேசையில் வைக்கப் போகிறேன். அவர் படிப்பார். படித்தால் சும்மா இருக்கமாட்டார். அது தெரிந்துதான் எழுதுகிறேன். அதனால் அவருக்கும் விளங்கும்படி சொல்கிறேன்.

2024 அக்டோபர் 18 காலை, மம்சாபுரத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் ரோட்டில், கம்மாய் வளைவில், பால் வண்டியை ஓட்டிப் பரிபூரணம் என்ற பூக்காரம்மாமேல் மோதியது என் மனைவியின் தம்பி மாரீஸ்வரன். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். சாவியைக் கொடுத்தது நான். போலீசிலும் கோர்ட்டிலும் பொய் சொன்னது நான். ஸ்டீயரிங் அவன் நெஞ்சில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பத்து போட்டு மறைத்தோம். அவன் இப்போது ராஜபாளையத்தில் பயிற்சி முகாமின் நோயாளி அறையில் கிடக்கிறான். காசநோய் மாத்திரை கொடுக்கிறார்கள். அவனுக்குக் காசநோய் இல்லை. ஐயா, இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் உடனே அந்த டாக்டருக்குப் போன் போடுங்கள். எனக்கு எத்தனை வருடம் கூடினாலும் சரி.

மாரீசு, உன் வேலை போய்விடும். எனக்குத் தெரியும். உன் அம்மா அந்த ஆணியைப் பிடுங்கி என் கண்ணில் குத்த வருவாள். என் பெண்டாட்டி பிள்ளை எனக்கு இல்லை என்று ஆகும். நீ என்னை வெறுப்பாய். நன்றாக வெறு. அதற்கு நீ உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

உன் அத்தான்
சிவபாண்டி


மதுரை
6.7.2025

திரு. சிவபாண்டி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் எனக்கு முன்னால் எல்லோருக்கும் கிடைத்தது. அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டுதான் டாக்டர் என் கட்டிலுக்கு வந்தார். அதே டாக்டர். “நெஞ்சுல அடிபட்டதுண்டா?” என்று நாலாவது முறை கேட்டார். உண்டு என்றேன்.

மதுரையில் நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து, இதயத்தைப் பிடித்திருந்த உறையை உரித்து எடுத்தார்கள். செருப்புத் தோல் கனத்துக்கு இருந்ததாம். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் திறந்தும் பயனில்லை என்றார்கள். நீங்கள் என்னைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். எல்லோரும் சொல்கிறார்கள்.

முகாமில் பெயரை அடித்துவிட்டார்கள். வார்டு வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரி விட்டதும் கூட்டிப் போக. அம்மா இரண்டு முறை வந்தாள், இரண்டு முறையும் காக்கியை எங்கே வைத்தாய் என்று மட்டும் கேட்டாள். அக்கா பாப்பாவோடு மம்சாபுரத்துக்கு வந்துவிட்டாள். வீட்டில் உங்கள் பெயரைச் சொல்வதில்லை.

போன செவ்வாய்க்கிழமை செல்வலட்சுமி வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். என் நெஞ்சில் இருந்த தையலை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள், “எங்கம்மா ஒடனே போயிருச்சா?”  நர்ஸ் அவளை வெளியே அனுப்பிவிட்டாள்.

உங்கள் கடிதத்தில் தேதி இருந்தது, வளைவு இருந்தது, பத்து இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. இதையும் நான் முறைப்படி தபாலில்தான் போடுகிறேன். உங்களுக்கு முன்னால் அங்கே படிப்பார்கள். அவர்களுக்கும் விளங்கும்படி எழுதுகிறேன்.

மோதியது ஐந்து நாற்பதுக்கு. பரிபூரணம் உடனே போகவில்லை. கேன் உடைந்து ரோடெல்லாம் பால் ஓடியது. அதற்கு நடுவில் ஒருக்களித்துக் கிடந்து, “தண்ணி, தண்ணி” என்று கேட்டது. நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு 108-க்குப் போன் போட எடுத்தேன். என் கையிலிருந்து போனைப் பிடுங்கியது நீங்கள். “பொறுலே. மொதல்ல நீ எறங்கு. தோப்புக்குள்ள போயிரு. நீ மறைஞ்ச பொறவு நான் கூப்புடுதேன்” என்றீர்கள். அந்தம்மாவிடம், “செத்த பொறு ஆத்தா, வாரேன்” என்றீர்கள். தென்னந்தோப்பு முடியும் வரைக்கும் அந்தக் குரல் எனக்குக் கேட்டது. நீங்கள் 108-ஐக் கூப்பிட்டது ஐந்து ஐம்பத்தேழுக்கு. போன் கம்பெனியில் கேட்டால் நேரம் கொடுப்பார்கள்.

இதன் நகல் ஒன்றைச் செல்வலட்சுமிக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த முறை உங்களிடம் வந்து கேட்டால் நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை.

கால் வீக்கம் வற்றிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். வற்றிவிட்டது. மல்லாக்கப் படுத்துத்தான் தூங்குகிறேன். மூச்சு நன்றாக வருகிறது.

மாரீஸ்வரன்